தனியே வந்த பத்தாயிரம் பிள்ளைகள்

அகதிகளைப் பற்றி எழுதும்போது, எத்தனை பேர் காப்பாற்றப்பட்டார்கள் என்ற கணக்கோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். காப்பாற்றப்பட்டவர் தாய் தந்தையரைப் பிரிந்து வந்த பிள்ளையாக இருந்தால், கதை அங்கேதான் தொடங்குகிறது. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்த எனக்கு இதனைத் தெளிவாக உணர்த்தியது, இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் பிரித்தானியாவுக்கு வந்த யூதப் பிள்ளைகளின் வரலாறாகும்.

1938 நவம்பர் 9, 10ஆம் திகதிகளில் ஹிட்லரின் ஆட்சிக்குட்பட்ட ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் யூதர்களின் வழிபாட்டிடங்களும் கடைகளும் சூறையாடப்பட்டன. இதனையடுத்து, 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தனியே வருவதற்குப் பிரித்தானிய அரசு இணங்கியது. பெற்றோருக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. செலவையும் அரசு ஏற்கவில்லை. தொண்டு அமைப்புகளே பொறுப்பேற்றன. பின்னர் பிள்ளையொன்றுக்கு 50 பவுண் உத்தரவாதமும் கோரப்பட்டது. முதற்றொகுதிப் பிள்ளைகள் ஏறத்தாழ 200 பேர் 1938 டிசம்பர் 2ஆம் திகதி ஹார்விச் துறைமுகத்தில் வந்திறங்கினர். 1939 செப்டெம்பரில் போர் மூளும்வரை வந்தவர்கள் சுமார் 10,000 பேர்.

வந்தவர்களை எங்கே சேர்ப்பது? வீடு கிடைக்காதவர்கள் ஹார்விச்சுக்கு அருகே டோவர்கோர்ட் என்னும் கோடைகால விடுதி முகாமில், கடுங்குளிரில் தங்கவைக்கப்பட்டனர். வளர்க்க விரும்பியோர் வார இறுதிகளில் வந்து பிள்ளைகளைத் தெரிவுசெய்தனர். அது மாட்டுச் சந்தையைப் போல இருந்ததெனப் பின்னாளில் சிலர் நினைவுகூர்ந்துள்ளனர். சிறுமியருக்கு விரைவில் வீடு கிடைத்தது. பதின்ம வயதுப் பையன்கள் காத்திருந்தனர். உடன்பிறந்தோர் பிரிக்கப்பட்டதும் உண்டு. அன்பான இல்லங்களும் வாய்த்தன. சம்பளமில்லாத வேலைக்காரராக நடத்தப்பட்டவர்களும் இருந்தனர்.

மிகச் சிறியவர்கள் ஆங்கிலத்தை விரைவில் பற்றிக்கொண்டனர். அதே விரைவில் தாய்மொழியை மறந்தனர். போர் தொடங்கியபின் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக 25 சொற்களே அனுப்ப முடிந்தது. அந்த 25 சொற்களையும் தாமே வாசித்தறிய இயலாத பிள்ளைகள் இருந்தனர். மிகப் பலர் பெற்றோரை மீண்டும் காணவேயில்லை.

1940இல் நிலைமை வேறொரு வகையில் கசந்தது. படையெடுப்பு அச்சத்தில், 16 வயதைக் கடந்த ஏறத்தாழ 1,000 பேர் எதிரிநாட்டவர் என்று தடுத்துவைக்கப்பட்டனர். சிலர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களையே ஹிட்லரின் ஆட்களெனச் சந்தேகித்த விந்தை அது. இப்பிள்ளைகளுக்குச் சட்டபூர்வமான பாதுகாவலரை நியமிக்க வழிசெய்யும் சட்டமும் 1944இல்தான் நிறைவேறியது.

இவற்றுக்கு மாறான ஓர் இடமும் இருந்தது. அன்னா எசிங்கர் என்ற யூதக் கல்வியாளர் 1933இலேயே தமது பாடசாலையை ஜேர்மனியிலிருந்து கென்ட் பகுதிக்குக் கொண்டுவந்திருந்தார். அதுவே பன்ஸ் கோர்ட் பாடசாலை. பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆனால் ஆசிரியர்களுள் பலர் தாமும் அகதிகளே. பிள்ளையின் பழைய உலகத்தை அறிந்தவர்கள். தோட்டத்திலும் சமையலறையிலும் பிள்ளைகள் பங்கேற்றனர். பெற்றோரை நாஜிகளிடம் இழந்த ஓவியர் பிராங்க் அவர்பாக் அங்கு பயின்றவரே. போரின்பின், வதைமுகாம்களிலிருந்து மீண்ட பிள்ளைகளையும் அப்பாடசாலை ஏற்றது. 1948இல் அது மூடப்பட்டது.

புதிய மண்ணில் வேரூன்றுவதற்குப் பழைய வேரை அறுக்க வேண்டியதில்லை என்பதே அங்கிருந்து நான் பெறும் பாடம். 1983க்குப் பின்னர் எமது பெற்றோரும் பிள்ளைகளைத் தனியே ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். இன்றும் வேறு நாடுகளின் பிள்ளைகள் அவ்வாறே எல்லைகளைக் கடக்கிறார்கள். அப்பிள்ளை நாட்டின் மொழியை எவ்வளவு விரைவாகக் கற்றது என்று அதிகாரிகள் கேட்பது நியாயமே. அதன் சொந்த மொழியில் அதனுடன் பேச யார் இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். அகதிகளாய் அலைந்த நாமாவது அதை மறவாமல் கேட்போமாக.