கல்கியும் என் பாதி நாவலும்

பணி ஓய்வு பெற்றதும் ஒரு சரித்திர நாவல் எழுத உட்கார்ந்தேன். ஆறு வருடமாகியும் பதினோராவது அத்தியாயத்தைத் தாண்டவில்லை. முதல் அத்தியாயத்தை மட்டும் இருபது தடவையாவது திருத்தியிருப்பேன்!

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது, அம்மா பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த 'பொன்னியின் செல்வன்' கிடைத்தது. புரட்டும்போது ஒன்று உறைத்தது. கல்கிக்கு அந்தத் திருத்தும் வசதியே கிடையாது. 1950 அக்டோபரில் தொடங்கிய தொடர் 1954 மே மாதம்தான் முடிந்தது. ஐந்து பாகம், முந்நூறுக்குச் சற்றுக் குறைவான அத்தியாயங்கள். போன வாரம் அச்சானதை இந்த வாரம் மாற்ற முடியாது.

வாசகர் கூட்டமும் ஒரே நாளில் சேர்ந்ததல்ல. விகடனில் 1937-இல் 'கள்வனின் காதலி'. 1941-இல் சதாசிவத்துடன் சொந்தப் பத்திரிகை தொடங்கிய பின் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்'. படிப்படியாகப் பழக்கிய வாசகர்கள் அவர்கள்.

அவருடைய கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். வந்தியத்தேவரைப் பற்றித் தஞ்சைக் கல்வெட்டில் கிடைப்பது, அவர் குந்தவையின் கணவர் என்கிற அளவுதான். அவரையே கதாநாயகனாக்கி, ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் கொண்டுவந்து நிறுத்தினார். அவன் சோழ நாட்டுக்குப் புதியவன். எல்லாவற்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூடவே நாமும் தெரிந்துகொள்கிறோம். சரித்திரப் பாடம் நடத்துவதாகவே தோன்றாது. நானோ முதல் அத்தியாயத்திலேயே நான்கு பக்கம் வம்சாவளி எழுதி வைத்திருக்கிறேன்!

அப்படியும் எல்லாரையும் அவரால் திருப்திப்படுத்த முடியவில்லை. கதை முடிந்ததும், 'அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்' என்று வாசகர்கள் கேட்டார்கள். முடிவுரை எழுதி அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த சண்டை, அம்மா காலத்தோடும் முடியவில்லை.

அந்தத் தொடர் முடிந்த ஏழாவது மாதம், 1954 டிசம்பர் 5 அன்று கல்கி காலமானார். வயது 55. அப்போது எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா' பாதியில் நின்றது. மகள் ஆனந்திதான் அதை எழுதி முடித்தார்.

எனக்கு இப்போது எழுபத்திரண்டு. என் கதையை முடித்து வைக்க யாரும் வரப்போவதில்லை. வம்சாவளிப் பக்கங்களை எடுத்துவிட்டேன். இருபத்தோராவது தடவை திருத்தாமல், நேற்று பன்னிரண்டாவது அத்தியாயம் தொடங்கிவிட்டேன்.