தட்சிணசித்ராவில் ஒலியும் இசையும்

தட்சிணசித்ரா, செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகம். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்னும் லாப நோக்கற்ற அமைப்பு இதை நடத்துகிறது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளையும் கைவினைகளையும் காக்கும் இவ்விடம், நாட்டுப்புற இசையையும் கூத்தையும் காட்சிப்பொருள்களுக்கு இணையாக மதித்துப் பார்வையாளரை ஈர்த்துவருகிறது.

பின்னணி

இக்கடற்கரை வட்டாரத்தில் இசைக்கும் வழிபாட்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் ஆநிரைகளுக்கு நடுவே குழலூதும் ஆயனைப் பல்லவச் சிற்பிகள் செதுக்கியுள்ளனர். மாசி மகத்தன்று இருளர் பழங்குடியினர் இதே கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களின்போது பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும்.

வாழ்க்கைமுறையையே காட்சியாக்கும் அருங்காட்சியகத்துக்கு முன்னோடி, ஆர்தர் ஹசேலியஸ் 1891-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஸ்கான்சன். பல ஊர்களிலிருந்து பெயர்த்துவந்த வீடுகளோடு நாட்டுப்புற இசைக்கும் நடனத்துக்கும் அது இடம் தந்தது.

தோற்றம்

மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனை 1984-இல் டெபோரா தியாகராஜன் நிறுவினார். சுமார் பத்து ஏக்கர் நிலத்தில் அருங்காட்சியகத்துக்கான கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் வடிவமைப்பை மற்றொரு கட்டடக்கலைஞரான பென்னி குரியாகோஸ் முன்னெடுத்தார். ஊர்களில் இடிபடவிருந்த வீடுகளின் மரவேலைப்பாடுகள் பிரித்தெடுக்கப்பட்டு இங்கே மீண்டும் பொருத்தப்பட்டன. 1996 டிசம்பர் 14 அன்று அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

நிகழ்கலைகள்

திண்ணையும் முற்றமும் ஆளரவத்துக்காகக் கட்டப்பட்டவை. ஓசையின்றி நிற்கும் வீடு பாதிக் கதையையே சொல்லும். அதனால் விடுமுறை நாள்களிலும் பொங்கல் போன்ற விழாக்களிலும் பறையாட்டம், கரகாட்டம், பொம்மலாட்டம், தோல்பாவைக்கூத்து போன்றவை இங்கே நடத்தப்படுகின்றன. அண்டை மாநிலக் கலைகளும் மேடையேறுகின்றன.

நேரடி நிகழ்ச்சி கற்பிப்பதை ஒலிப்பதிவு கற்பிக்காது. பறையைத் தீயில் காய்ச்சித் தோலை இறுக்குவதையும், அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் சேர்ந்து தாளம் எழுப்புவதையும் பக்கத்தில் நின்று பார்க்கும் குழந்தை, கருவிக்கும் கைக்கும் உள்ள உறவை அறிந்துகொள்கிறது. சாவோடு மட்டும் பிணைத்து இழிவுபடுத்தப்பட்ட பறை, அனைவரும் கூடும் முற்றத்தில் இசையாக ஒலிப்பது சமூக நோக்கிலும் பெரிய மாற்றம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இரவு முழுதும் ஆடும் கூத்து, சுற்றிப்பார்க்க வந்தோருக்காகச் சுருங்கும்போது, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஊர்நடப்பைப் பேசி மெல்ல வளர்க்கும் உரையாடல் முதலில் குறைகிறது. வேண்டுதலும் சடங்கும் விடுபடுகின்றன. எனவே அருங்காட்சியக மேடை கூத்துக்கு அறிமுகமாகலாமே தவிர, ஊர்க்களத்துக்கு மாற்றாகாது.

மாமல்லபுரம் நாட்டிய விழா

இதே சாலையில் தெற்கே உள்ள மாமல்லபுரம் 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாடு சுற்றுலாத் துறை ஆண்டுதோறும் டிசம்பர்–ஜனவரியில் நடத்தும் நாட்டிய விழா, செவ்வியல் நடனங்களோடு நாட்டுப்புறக் கலைகளையும் திறந்தவெளி அரங்கில் வழங்குகிறது. அருச்சுனன் தபசுப் பாறை நெடுங்காலம் அதன் பின்னணியாக இருந்தது. தட்சிணசித்ராவில் இசை வீட்டுக்குப் பொருள் சேர்க்கிறது; மாமல்லபுரத்தில் கல்தான் இசைக்கு மேடையானது.

பதிவுசெய்த ஒலி

கலைஞர்கள் நேரில் இல்லாத இடத்தில் அருங்காட்சியகங்கள் நாடும் ஒலிவழிகாட்டி 1952-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் அறிமுகமானது. சிற்றலை வானொலி வழியே ஒலிபரப்பான விளக்கத்தைப் பார்வையாளர்கள் காதில் கருவி பொருத்திக் கேட்டனர். ஒலிபரப்பு ஒன்றே என்பதால் எல்லோரும் ஒரே வேகத்தில் நகர வேண்டியிருந்தது. ஒலிநாடாவும் கைபேசியும் அக்கட்டுப்பாட்டை நீக்கின. அவரவர் மொழியில், அவரவர் வேகத்தில் கேட்கலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் துணையாகும். ஆனால் பதிவுக் குரலிடம் கேள்வி கேட்க முடியாது. கூட்டத்துக்கேற்ப அது தாளத்தை மாற்றுவதுமில்லை.

முக்கியத்துவம்

பழைய வீட்டின் தூணை எண்ணெய் பூசிக் காக்கலாம். அடவும் ராகமும் ஆடுபவரும் பாடுபவரும் இருக்கும்வரையே வாழும். கோயில் விழாக்கள் ஓய்ந்த மாதங்களில் நாட்டுப்புறக் கலைஞருக்கு வருமானம் அரிது. அத்தகையோருக்கு ஊதியமும் மரியாதையும் தரும் மேடை, பார்வையாளரை மகிழ்விப்பதோடு கலையையே காக்கிறது. ஆகவே இசைக்கு ஒதுக்கும் பணத்தை விளம்பரச் செலவாகக் கருதாமல், சேகரிப்பைப் பேணும் செலவாகவே அருங்காட்சியகங்கள் கொள்ள வேண்டும்.