பேராளர் ஆசனமும் எமது மலைநாடும்

எமது பாடசாலையிலிருந்து வெளியேறிய மாணவியருள் வைத்தியர்களும் தாதியரும் மருத்துவ மாதுகளும் பலர். உலகின் எந்த மூலையில் தொழில் செய்தாலும் ஏதோவொரு தொழிற்சங்கத்தில் அங்கத்தவராகவே இருக்கின்றோம். அச்சங்கம் கிளைப் பிரதிநிதியாக வரும்படி அழைத்தால், “எனக்கேன் இந்த வேலை?” என்று ஒதுங்குவோரும் நம்மிடையே உண்டு. வைத்தியர் சங்கங்களின் வரலாற்றைச் சற்றுப் புரட்டினால், அந்த ஆசனத்தை வெற்றாக விடுவதால் வரும் நட்டம் எவ்வளவு என்பது விளங்கும்.

1832ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் சார்ள்ஸ் ஹேஸ்டிங்ஸ் என்னும் வைத்தியர், மாகாண வைத்தியர்களை ஒன்றுசேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். 1856இல் அது பிரித்தானிய மருத்துவச் சங்கம் எனப் பெயர் பெற்றது. அங்கத்தவர் தொகை பெருகப் பெருக, எல்லோரும் ஒரே மண்டபத்தில் கூடி முடிவெடுப்பது இயலாததாயிற்று. ஆகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாப்பை மாற்றி, பிரிவுகள் தெரிவு செய்து அனுப்பும் பிரதிநிதிகளின் வருடாந்தக் கூட்டத்திற்குக் கொள்கை வகுக்கும் பொறுப்பை வழங்கினர். 1901இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் இவ்வாறே ஒரு பேராளர் சபையை அமைத்துக்கொண்டது.

மண்டபத்தில் இல்லாதவர்களுக்கு என்ன நேரும் என்பதைப் பெண்களே முதலில் அனுபவித்தார்கள். 1873இல் எலிசபெத் கரெற் அண்டர்சன் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தில் சேர்ந்தார். 1878இல், இனிமேல் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று ஆண்கள் வாக்களித்து முடிவு செய்தனர். அவரை நீக்கவில்லை, அவருக்குப் பின் வர இருந்தவர்களுக்குத்தான் கதவு அடைபட்டது. 1892இல் அத்தடை நீங்கும்வரை, 19 ஆண்டுகள் அவர் ஒருவரே அச்சங்கத்தின் பெண் அங்கத்தவர். கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் அதே 1892இல்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது.

இலங்கையில் அச்சங்கத்தின் கிளை 1887இல் தோன்றியது. அது 1951இல் இலங்கை மருத்துவச் சங்கமாகத் தனித்து நின்றது. இதற்கிடையில், 1926இல் அரச வைத்திய அதிகாரிகள் சங்கம் உருவாயிற்று. வைத்தியசாலைகளில் அதற்குக் கிளைகள் உண்டு. பதுளைப் பெரியாஸ்பத்திரியின் குறையைக் கொழும்பில் எடுத்துச் சொல்ல ஒருவர் இருப்பது அத்தகைய அமைப்பினால்தான்.

சொல்வது மட்டுமே பேராளரின் கடமையன்று. திரும்பி வந்து கேட்பதும் கடமையே. 1948இல் பிரித்தானிய அரசு தேசிய சுகாதார சேவையைத் தொடங்க முனைந்தபோது, அந்த ஆண்டு பெப்ரவரியில் சங்கம் அங்கத்தவரிடம் வாக்கெடுப்பு நடத்தியது. ஏறக்குறைய ஒன்பதுக்கு ஒன்று என்ற வீதத்தில் எதிர்ப்பு வந்தது. அமைச்சர் பெவன் சில விட்டுக்கொடுப்புகளைச் செய்ததும், சங்கம் மீண்டும் அங்கத்தவரிடம் சென்றது. எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. ஜூலை 5இல் சேவை தொடங்கியது. சில மாதங்களுக்குள் இரண்டு முறை கேட்டார்கள். தம்மை அனுப்பியவர்களின் மனம் மாறியதைத் தலைமை அறிந்துகொண்டதும் அதனால்தான்.

அதே 1948இல் எமது மலைநாட்டில் நடந்ததை நாம் மறக்கலாகாது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது; அதைத் தொடர்ந்து எமது பெற்றோர், பாட்டன் பாட்டிமாரின் வாக்குரிமை பறிபோனது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குடியுரிமைப் பிரச்சினை முற்றாகத் தீர 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த மௌனம் சுகாதாரத்தையும் தொட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவர் பெரும்பாலும் தோட்ட வைத்திய உதவியாளரே. மக்கள் அவரை “டாக்டர் ஐயா” என்று அழைத்தார்கள். ஆயினும் அரச வைத்திய அதிகாரிகள் சங்கம் அரச சேவையிலுள்ள வைத்தியர்களுக்கானது. தோட்ட நிர்வாகத்தின் கீழ் வேலை செய்த அவருக்கு அதில் இடமில்லை. லயத்துப் பிள்ளையின் வயிற்றோட்டத்தையும், கொழுந்தெடுக்கும் கர்ப்பிணித் தாயின் இரத்தச்சோகையையும் நாளாந்தம் கண்டவருக்கு, நாட்டின் வைத்தியர்கள் கூடிப் பேசும் அந்த இடத்தில் நாற்காலி இருக்கவில்லை.

கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையை நினைத்துப் பார்ப்போம். அங்கே நிலம் சரியக்கூடும் என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் லயங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து அவற்றை மூடியது. அறிக்கை இருந்தது, அறிவும் இருந்தது. பாதுகாப்பான காணியும் வீடும் கிடைக்கும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் அதை விடாது எழுப்பி, பதிலோடு லயத்துக்குத் திரும்பி வரும் குரல்தான் போதவில்லை.

ஆகவே, நம்மில் எவரேனும் பேராளராகத் தெரிவானால் மூன்று காரியங்களைச் செய்வோம். கூட்டத்துக்குப் போகுமுன் கிளையிலுள்ள எல்லோரையும், குறிப்பாகப் பேசத் தயங்கும் இளையவர்களையும், கேட்போம். அங்கே நம் சொந்த அபிப்பிராயத்தையும் நம்மை அனுப்பியவர்களின் முடிவையும் வேறுபிரித்துச் சொல்வோம். திரும்பி வந்து, வென்றதைப் போலவே தோற்றதையும் அறிவிப்போம். அங்கத்தவரல்லாதவர்களின் துன்பமும், அந்த டிஸ்பென்சரி வாசலில் வரிசையில் நிற்பவர்களின் துன்பமும், நிகழ்ச்சி நிரலில் இடம்பெறச் செய்வோம்.

நூற்றாண்டு காணும் எமது பழைய மாணவியர் சங்கத்துக்கும் இது பொருந்தும். கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் சகோதரிகள் தத்தம் ஊரிலிருந்து ஒருவரைத் தெரிந்து, அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அனுப்பி வையுங்கள். தோட்டத்திலிருந்து இன்று பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் தேவைகளை அவர்களிடம் சொல்லக் காத்திருக்கின்றோம்.