உமரி நிலம் (தாமிரபரணி முகத்துவாரம்)

1986 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும் பின்னர் தூத்துக்குடி மாவட்டத்திலும் அடங்கிய தாமிரபரணிக் கடைமடையில், புன்னைக்காயல் அருகே ஆறு கடலில் கலக்கும் பகுதியை ஒட்டியுள்ள உவர்நிலச் சதுப்பு உமரி நிலம் எனப்படும். ஆற்று வண்டலால் கடல் விலகியதால், பழைய துறைமுகமான கொற்கை இன்று உள்நாட்டு ஊராகிவிட்டது.

இங்கு ஓங்கி நிற்பது உமரி என்னும் செடி. இது உறிஞ்சும் உப்பைத் தன் செல்களின் நுண்குமிழ்களில் அடைத்து, அதனால் நீரைத் தக்கவைத்துக்கொள்வதால், விரலால் நசுக்கினால் உப்புச் சாறு கசியும் சதைப்பற்றான இலைகளைக் கொண்டிருக்கிறது. கோடையில் செடி செந்நிறமாகிறது; வடகிழக்குப் பருவமழை மண்ணின் உப்பைக் கரைக்கும்போதே விதை முளைக்கிறது. மேட்டுப் பகுதிகளில் உகாய் மரமும் முட்கள் நிறைந்த சங்கஞ்செடியும் வளர்கின்றன.

பூச்சிகளில் குறிப்பிடத்தக்கது கொலோட்டிஸ் அமாட்டா என்னும் இளஞ்சிவப்புச் சிறகுடைய சிறு வண்ணத்துப்பூச்சியாகும். பறக்கும் அழகைவிட அதன் சார்புநிலையே கவனிக்கத்தக்கது: உகாய், சங்கஞ்செடி ஆகியவற்றின் இலைகளில் பெண்பூச்சி முட்டைகளைக் கூட்டமாக இடுவதால், இவற்றை வெட்டினால் அதன் புழுவுக்கு இரையில்லை. உவர்நீர்க் குட்டைகளில் வாழும் எஃபிட்ரிடே குடும்பத்து ஈக்களின் புழுக்கள் கரையோரப் பறவைகளுக்கு உணவாகின்றன.

இத்தகைய உப்பு வாழிடம் கடலோரத்தில் மட்டுமின்றி உள்நாட்டிலும் உண்டு என்பதற்கு இந்தியாவில் தெளிவான சான்று, 1990 முதல் ராம்சர் தலமாக (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) உள்ள ராஜஸ்தானின் சாம்பர் ஏரி; அங்கும் உமரி இனங்கள் உண்டு. தாமிரபரணிப் பகுதியில் உப்பளங்களும் சீமைக்கருவேலமும் பெரும் நெருக்கடிகள். 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உவர்சதுப்புகளை மிகுந்த பாதுகாப்புடைய முதல் வகையில் சேர்த்தது.