எட்டா, பத்தா, பன்னெண்டா? சப்வூஃபர் அளவின் கதை

போன வருஷம் தீபாவளி ஆஃபர்ல ஒரு சப்வூஃபர் வாங்கினேன். பன்னெண்டு இன்ச். கடையில என்கிட்ட கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "எட்டா, பத்தா, பன்னெண்டா சார்?" சட்டை சைஸ் கேக்கிற மாதிரி. பட்ஜெட்டுக்குள்ள எது பெருசோ அதைக் கை காட்டிட்டு வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஹால்ல டிவிக்குப் பக்கத்துல வெச்சு ஒரு சண்டைப் படத்தைப் போட்டேன். சோஃபாவுல உக்காந்திருக்கிற எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியல. வால்யூமை ஏத்தினேன். கிச்சன்ல ஸ்டாண்டுல இருந்த எவர்சில்வர் தட்டெல்லாம் கடகடன்னு ஆடுது, சோஃபாவுல மட்டும் அதே சாது. இன்னும் ஏத்தினேன். அஞ்சு நிமிஷத்துல காலிங் பெல். கீழ் வீட்டு அக்கா. நர்ஸா இருக்காங்க, அந்த வாரம் அவங்களுக்கு நைட் டியூட்டி. "சத்தம்னு ஒண்ணும் கேக்கல தம்பி. ஆனா படுத்தா நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது. மாவு மில்லுக்கு மேல படுத்திருக்கிற மாதிரி இருக்கு."

காசு கொடுத்தவனுக்குக் கேக்கல, அவங்களுக்குத் தூக்கம் போச்சு. ரொம்ப வெட்கமா இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி ஆரம்பிச்ச படிப்புதான் இந்த எபிசோடு. இந்த இன்ச் கணக்கு எங்க இருந்து வந்துச்சு, அது எதைச் சொல்லுது, எதைச் சொல்லாம விடுது?

இப்ப நாம பாக்கிற ஸ்பீக்கரோட வடிவம், அதாவது ஒரு கூம்பு, அதை முன்னும் பின்னும் ஆட்டுற ஒரு காயில், 1925-ல நிலைபெற்றது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்ல இருந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற ரெண்டு என்ஜினியர்கள் எழுதின ஆய்வுக் கட்டுரையிலிருந்துதான் இன்னைக்கு இருக்கிற பெரும்பாலான ஸ்பீக்கர்கள் கிளை பிரியுது. (கார்ன்ஃபிளேக்ஸ் கெல்லாக் இல்லை, இவர் வேற.) அப்பவே ஒரு தலைவலி இருந்துச்சு. ஒரு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, அதே அளவு சத்தமா வரவைக்கணும்னா, கூம்பு நாலு மடங்கு காற்றைத் தள்ளணும். 80 ஹெர்ட்ஸுக்கு ஒரு டம்ளர் காற்றுன்னு வெச்சுக்கிட்டா, 40-க்கு நாலு டம்ளர், 20-க்குப் பதினாறு. இன்ச் கணக்கு முக்கியமானது இதனாலதான். எட்டு இன்ச் கூம்போட பரப்பு ஏறக்குறைய 210 சதுர சென்டிமீட்டர், பன்னெண்டு இன்ச்சோடது 480 பக்கம். ரெண்டு மடங்குக்கும் மேல. அதனால கடைக்காரர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. பாதிக் கேள்வி.

மீதிப் பாதி, பெட்டி. 1946-ல ஆர்கன்சா மாநிலத்துல ஹோப் என்கிற சின்ன ஊர்ல (பில் கிளின்டன் பிறந்த ஊரும் அதுதான், வருஷமும் அதேதான்) பால் கிளிப்ஷ் ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். அவரோட கிளிப்ஷ்ஹார்ன், நெஞ்சு உயரத்துக்கும் மேல நிக்கிற ஒரு அலமாரி. உள்ளே மடிச்சு வெச்ச ஹார்ன். அதை ரூம் மூலையில வெச்சாகணும், ஏன்னா ரெண்டு பக்கச் சுவரும் சேர்ந்துதான் ஹார்னோட வாய். அதாவது வீட்டையே ஸ்பீக்கரோட ஒரு உறுப்பா ஆக்கிட்டார். எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன், என் வாடகை வீட்டுக்குள்ள வரவே வராது.

1954-ல எட்கர் வில்ச்சர் வந்தார். நியூயார்க்ல ஒலி மறு உருவாக்கம் பத்திப் பாடம் நடத்திட்டு இருந்தவர். அதுவரைக்கும் கூம்பைப் பழைய இடத்துக்கு இழுக்கிற ஸ்பிரிங் வேலையை கூம்பைத் தாங்கிப் பிடிக்கிற விளிம்புதான் செஞ்சுச்சு. இழுவை கூடக் கூட அது கோணல்மாணலா நடந்துக்கும், சத்தம் கெடும். வில்ச்சர் அந்த விளிம்பைத் தொளதொளன்னு விட்டுட்டு, காற்றுப்புகாத பெட்டிக்குள்ள அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்கா ஆக்கினார். காற்று, அந்த விளிம்பை விட ஒழுங்கா நடந்துக்கும். இருந்த கம்பெனிகள்கிட்ட இந்த யோசனையை விக்கப் பாத்தார். யாரும் வாங்கல. அவர் வகுப்பில் இருந்த ஹென்றி குளோஸ் கூடச் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச்னு ஒரு கம்பெனி தொடங்கி, பன்னெண்டு இன்ச் வூஃபரோட ஏ.ஆர்.-1 ஐக் கொண்டுவந்தார். புத்தக அலமாரியில வைக்கலாம், அதுல இருந்து வர்ற பேஸ் பீரோ சைஸ் பெட்டியில இருந்து வர்ற மாதிரி இருக்கும். நாலு வருஷத்துல ஸ்டீரியோ ரெக்கார்டு கடைக்கு வந்தது. இனி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணு இல்ல, ரெண்டு பெட்டி வேணும். பீரோ ரெண்டு வைக்க யார் வீட்டுல இடம் இருக்கு? சின்னப் பெட்டி ஜெயிச்சிடுச்சு.

ஆனா ஓசியில ஜெயிக்கல. குளோஸ் அப்புறம் பிரிஞ்சு போய் 1957-ல கே.எல்.எச். ஆரம்பிச்சார். அந்தப் பேர்ல இருக்கிற கடைசி எழுத்து ஆன்டன் ஹாஃப்மன், பெரிய பியானோ கலைஞர் ஜோசஃப் ஹாஃப்மனோட மகன். அவர் பேர்ல வழங்குற "இரும்பு விதி"தான் இந்த எபிசோடோட நடு முதுகெலும்பு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், கொஞ்சம் பவர்ல நிறைய சத்தம்: மூணுல ரெண்டுதான் உங்களுக்கு. 40 ஹெர்ட்ஸ் வரைக்கும் போற பெட்டியை 20 வரைக்கும் போக வைக்கணும், பவரும் அதேதான்னா, பெட்டி எட்டு மடங்கு பெருசாகணும். பெட்டி அதேதான்னா எட்டு மடங்கு பவர் கொடுக்கணும். தப்பிக்க வழியே இல்லை.

இதைக் கணக்கா எழுதி முடிச்சது ஆஸ்திரேலியாவில். நெவில் தீல் 1961-ல, ஓட்டை வெச்ச ஸ்பீக்கர் பெட்டியை ஒரு எலெக்ட்ரிக்கல் ஃபில்டர் மாதிரியே கணக்குப் போடலாம்னு எழுதினார். உள்ளூர் இதழ்ல வந்தது, உலகம் கண்டுக்கல. 1971-ல அமெரிக்க ஆடியோ என்ஜினியர்கள் சங்கத்தோட இதழ்ல மறுபடி அச்சானப்பதான் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நல்ல டாக்குமென்டேஷனைப் பத்து வருஷம் யாரும் திறக்கலைங்கிறது என் தொழில்ல இருக்கிறவங்களுக்கு ஆச்சரியமே இல்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செஞ்ச ரிச்சர்ட் ஸ்மால் அதை இன்னும் விரிச்சார். இன்னைக்கும் வூஃபர் வாங்கினா கூட வர்ற தாள்ல இருக்கிற எண்களுக்குப் பேரே தீல்-ஸ்மால் எண்கள்தான். அதுக்கு முன்னாடி மரத்தை அறுத்து, கேட்டுப் பாத்து, திரும்ப அறுப்பாங்க.

சரி, இதெல்லாம் வூஃபர். அதுக்கும் கீழ ஒண்ணு வீட்டுக்கு வேணும்னு நம்ம எல்லாரையும் நம்ப வெச்சது சினிமா. 1974 நவம்பர்ல யுனிவர்சலோட "எர்த்குவேக்" வந்தது. சென்சரவுண்ட்னு ஒரு ஏற்பாடு: தியேட்டர்ல செர்வின்-வேகா கம்பெனியோட ராட்சதப் பெட்டிகள். பூகம்ப உறுமல் ஃபிலிம்ல பதிவாகி இருக்காது. ஃபிலிம்ல ஒரு சமிக்ஞை இருக்கும், அது வந்ததும் தியேட்டர்ல இருக்கிற கருவியே உறுமலை உண்டாக்கும். ஹாலிவுட்டோட சைனீஸ் தியேட்டர்ல சீலிங் பூச்சு உதிர்ந்து, மக்கள் தலைக்கு மேல வலை கட்டினாங்க. பல திரை இருக்கிற இடங்கள்ல பக்கத்து ஹால்காரங்க புகார் சொன்னதா எழுதியிருக்காங்க. பக்கத்துல ஓடுனது "காட்ஃபாதர் 2"ன்னு ஒரு கதை உண்டு. அதைப் படிச்சப்ப எனக்குக் கீழ் வீட்டு அக்கா முகம்தான் வந்துச்சு.

சென்சரவுண்ட் நாலைஞ்சு படத்தோட முடிஞ்சுது. 1977-ல "ஸ்டார் வார்ஸ்" அதையே நாகரிகமா செஞ்சுச்சு: 70 மில்லிமீட்டர் பிரிண்ட்ல இருக்கிற ஆறு டிராக்ல ரெண்டைத் தாழ்ந்த ஒலிக்கு ஒதுக்கினாங்க. 1987-ல டிஜிட்டல் சினிமா ஒலிக்கு எத்தனை சேனல் வேணும்னு ஒரு கமிட்டியில பேச்சு வந்தப்ப, லூகாஸ்ஃபிலிம்ல டி.எச்.எக்ஸை உருவாக்கின டாம்லின்சன் ஹோல்மன் "5.1"னு பதில் சொன்னார். அந்தப் புள்ளி ஒண்ணு, தாழ்ந்த ஒலிக்கு மட்டுமான சேனல். அது சுமக்கிற அலைவரிசை ரொம்பக் கம்மி, கணக்குப்படி 5.005-னு சொல்லணும். யார் வாய்ல நுழையும்?

இங்க எல்லாரும் சறுக்குற ஒரு இடம் இருக்கு. அந்த .1 சேனலும் சப்வூஃபரும் ஒண்ணு இல்லை. வீட்டுல சப் ரெண்டு வேலை பாக்குது. சின்ன ஸ்பீக்கர்களால முடியாத, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற எல்லாத்தையும் வாங்கிக்குது. வீட்டுக்கான டி.எச்.எக்ஸ். வகுத்த எல்லை அது. அதுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையில இருந்து வருதுன்னு காது சரியா சொல்லாது, அதனால பெட்டியை எங்கேயும் வைக்கலாம். அதுக்கு மேல அந்த .1 சேனல், மத்த சேனலை விட 10 டெசிபல் அதிகமா உறுமுற உரிமையோட வருது. பத்து மடங்கு பவர். நம்ம வாடகை வீட்டுச் சப் மேல விழுற சுமை இதுதான்.

டிவிடி வந்ததும் வீடுகளுக்கு 5.1 வந்துச்சு, இரும்பு விதியும் கூடவே வந்துச்சு. 1996-ல பாப் கார்வர், சன்ஃபயர் என்கிற பேர்ல, ஒவ்வொரு பக்கமும் 11 இன்ச் மட்டுமே இருக்கிற ஒரு கனசதுரப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே 2,700 வாட் ஆம்ப். மாயம்னு பேசினாங்க. மாயம் இல்லை, பெட்டியில மிச்சம் பிடிச்சதை வாட்ல கட்டினார்.

இத்தனைக்கும் அப்புறம் எனக்கு ஏன் சோஃபாவுல கேக்கல? 2002-ல ஹார்மன் கம்பெனியோட டாட் வெல்டி ஒரு ஆய்வு வெளியிட்டார்: எத்தனை சப் வெச்சா போதும்? நூத்துக்கணக்குல இடங்களைக் கம்ப்யூட்டர்ல மாத்தி மாத்திப் பாத்துச் சொன்னது, எதிரெதிர் சுவர்களின் நடுவுல ரெண்டு சின்ன சப் வெச்சா பேஸ் உக்காருற இடமெல்லாம் சமமா பரவும், நாலுக்கு மேல போறதுல பெரிய லாபம் இல்லை. அதைப் படிச்சிட்டு டேப் எடுத்தேன். என் ஹாலும் டைனிங்கும் சேர்ந்து 18 அடி, அதாவது 5.5 மீட்டர். ஒலி வேகம் 343-ஐ அதோட ரெண்டு மடங்கால வகுத்தா 31 ஹெர்ட்ஸ். அந்த அலைக்கு ரெண்டு கோடிச் சுவர்கள்கிட்ட அழுத்தம் உச்சம், நட்ட நடுவுல பூஜ்ஜியம். என் சோஃபா நட்ட நடுவுல. கிச்சன் ஸ்டாண்டு கோடியில. பதினெட்டு இன்ச் வாங்கியிருந்தாலும் தட்டுகள்தான் கேட்டிருக்கும்.

இப்ப யாராவது கேட்டா நான் சொல்றது இதுதான். திறந்த கிச்சன், டைனிங் எல்லாத்தையும் சேர்த்து அளங்க, பேஸுக்குக் கதவு தெரியாது. என்னை மாதிரி ஃபிளாட் ஹாலுக்கு மூடின பெட்டியில ஒரு பத்து இன்ச் போதும். கான்கிரீட் சுவர் சின்ன ரூம்ல அடிமட்ட ஒலியைத் தானே தூக்கிக் கொடுக்கும். பன்னெண்டு இன்ச்சுக்கு ஆசைப்பட்டா, அதே காசுக்கு ரெண்டு சின்னது வருமான்னு பாருங்க. சின்னப் பெட்டியில திணிச்ச பெரிய கூம்பை மட்டும் இன்ச் பாத்து வாங்காதீங்க.

நான் மாத்திக் கொடுக்க முடியல, பில் தேதி தாண்டிடுச்சு. சப்பைத் தூக்கி சோஃபா மேல வெச்சு, ஒரு பேஸ் கிட்டார் பாட்டை ஓடவிட்டு, சுவர் ஓரமா தவழ்ந்து தவழ்ந்து எங்க நல்லா கேக்குதுன்னு பாத்தேன். பழைய டெக்னிக், வேலை செய்யும், வீட்டுல ஆள் இல்லாதப்ப பண்ணுங்க. ஷூ ரேக் பக்கத்துல நின்னுச்சு. அங்கேயே பெட்டியை வெச்சேன், சோஃபாவை மூணு அடி பின்னாடி தள்ளினேன். வால்யூம் முன்னாடி வெச்சதுல பாதி கூட இல்லை, இப்ப கேக்குது.

அப்புறம் கீழே போய் அக்காகிட்ட டியூட்டி சார்ட் கேட்டேன். சிரிச்சுட்டு வாட்ஸப்ல அனுப்பினாங்க. ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. இந்த வாரம் நைட், அதனால சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஷூ ரேக் பக்கத்து ஸ்விட்ச் ஆஃப்லதான் இருக்கும்.