எக்ஸ்ரேயில் தெரியாத ஜவ்வு

கிரிவலப் பாதையில் கால் தடுக்கி, கையை ஊன்றி விழுந்தால் சிலருக்குக் கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்து வீங்கிவிடும். எக்ஸ்ரே எடுத்தால் "எலும்பு உடையலை" என்று வரும். ஆனால் சாவியைப் பிடித்துத் திருப்ப முடியாது! காரணம் லிகமென்ட். எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் நார். ஊரில் ஜவ்வு என்போம். இதைப் பார்க்க மருத்துவம் வெகுகாலம் காத்திருந்தது.

1895 டிசம்பரில் ராண்ட்ஜன் எடுத்த புகழ்பெற்ற எக்ஸ்ரே, அவர் மனைவியின் கை. விரல் எலும்பும் மோதிரமும் தெரிந்தன, ஜவ்வு தெரியவில்லை. அதனால் டாக்டரின் விரல்தான் கருவி. பக்கத்திலுள்ள வேலூர் சி.எம்.சி.க்கு (1989 வரை வேலூரும் நாமும் ஒரே மாவட்டம்) 1946ல் வந்தவர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தொட்டு, அசைத்துப் பார்த்துத்தான் எந்தத் தசையில் பலம் மிச்சமிருக்கிறது என்று கண்டார். 1948ல் தசைநாண்களை இடம் மாற்றும் ஆபரேஷனைத் தொடங்கினார்.

ஆனால் தொட்டுப் பார்த்தால் மட்டும் போதாத காயமும் உண்டு. 1962ல் ஸ்வீடன் டாக்டர் பெர்டில் ஸ்டெனர் அதை விளக்கினார். கட்டைவிரலின் அடிமூட்டில், ஆள்காட்டி விரல் பக்கமுள்ள லிகமென்ட் முழுசாக அறுந்தால், சிலருக்கு அறுந்த முனை பக்கத்துத் தசையின் படலத்துக்கு மேலே போய் மாட்டிக்கொள்கிறது. நடுவில் படலம் இருப்பதால் எத்தனை நாள் கட்டுப் போட்டாலும் ஒட்டாது. ஆபரேஷன்தான் வழி. மாட்டிக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் கட்டே போதும். சரி, எது என்று எப்படித் தெரிவது?

விடை வேறு திசையிலிருந்து வந்தது. இரும்பில் விரிசல் தேடும் ஒலிக்கருவியை மனித உடலில் வைத்துப் பார்த்தவர் கிளாஸ்கோவின் இயன் டொனால்ட். 1958ல் அவர் குழுவின் கட்டுரை லான்செட் இதழில் வந்தது. அது வயிற்றுக்கான ஸ்கேன். பின்னாளில் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒலிக்கும் சின்னக் கருவிகள் வந்தபிறகே விரல் ஜவ்வு தெளிவாகத் தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யிலும் தெரியும். ஆனால் அல்ட்ராசவுண்டில் செலவு குறைவு; விரலை மெதுவாக அசைத்தபடியே பார்க்கலாம். பார்ப்பவருக்குப் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

நம் மாவட்டத்து ஆரணியில் பட்டு நெய்பவருக்குக் கட்டைவிரல்தான் சோறு. முழுசாக அறுந்ததை முதல் சில வாரங்களில் கண்டுபிடிக்காவிட்டால் பிடிமானம் நிரந்தரமாகக் குறையலாம். அதனால் "எலும்பு உடையலை" என்றதும் எழுந்து வந்துவிடாமல், "ஜவ்வு எப்படி இருக்கு டாக்டர்?" என்றும் கேட்போம்.