கார் ஸ்கிரீன் மக்கர் பண்ணுதா? மலை ஏறும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

வீக் எண்டுக்குக் கல்வராயன் மலை பிளான். சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் சின்னசேலம் வரை எல்லாம் ஓகே. கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு வண்டியைத் திருப்பும் நேரம் பார்த்து, டேஷ்போர்டு ஸ்கிரீன் அப்படியே உறைந்து நிற்கிறது. மேப்பும் போச்சு, பாட்டும் போச்சு!

உடனே புது ஸ்டீரியோவுக்கு விலை விசாரிக்காதீங்க. போன், கேபிள், ஸ்டீரியோ யூனிட், பேட்டரி என்று நாலு இடத்தில் எங்கே வேண்டுமானாலும் கோளாறு இருக்கலாம். செலவே இல்லாததில் இருந்து வரிசையாகப் பார்த்தாலே ஆளைப் பிடித்துவிடலாம்.

முதலில் ஓரம் கட்டுங்க

ஓட்டிக்கொண்டே ஸ்கிரீனை நோண்டுவது கூடவே கூடாது. 60 கி.மீ வேகத்தில் 3 விநாடி கண்ணை எடுத்தால், 50 மீட்டர் பார்க்காமலே ஓட்டியிருப்பீர்கள். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 184-ன்படி முதல்முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு; சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது.

குற்றவாளி போனா, யூனிட்டா?

எஃப்.எம் ரேடியோ பாடுகிறதா, டச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ரெண்டும் ஓகே என்றால், சந்தேகம் போன் பக்கம் திரும்ப வேண்டும். கூட வந்தவரின் போனை கனெக்ட் செய்து பாருங்கள். அது வேலை செய்தால் உங்கள் போன் அல்லது கேபிள்தான் பிரச்னை.

கேபிளை மாத்துங்க

சார்ஜ் ஏறுகிறது என்பதற்காக கேபிள் நல்லாயிருக்கு என்று அர்த்தமில்லை. சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டாவைக் கடத்தாது. ஒரு மீட்டருக்குள் இருக்கும் நல்ல டேட்டா கேபிளைப் பயன்படுத்துங்கள். போனின் சார்ஜிங் ஓட்டையில் பஞ்சு, தூசி அடைத்திருந்தாலும் கனெக்‌ஷன் விட்டுவிட்டு வரும்.

வயர்லெஸ் அடிக்கடி கட் ஆகுதா?

வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ப்ளூடூத்தில் கைகுலுக்கிவிட்டு வைஃபையில்தான் ஓடுகிறது. அதனால் ரெண்டுமே ஆனில் இருக்க வேண்டும். வி.பி.என் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். கார், போன் ரெண்டிலும் பழைய பேரிங்கை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸ் - ஜெனரல் - கார்பிளேயில் உங்கள் காரை 'ஃபர்கெட்' செய்துவிட்டு மறுபடி இணைக்கலாம். சிரி ஆனில் இருப்பதும் அவசியம்.

ஸ்கிரீனே உறைஞ்சு போச்சா?

பல யூனிட்களில் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ரீஸ்டார்ட் ஆகும். எந்த பட்டன், எத்தனை விநாடி என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் இருக்கும். வெயிலில் நின்ற கார் என்றால், முதலில் கண்ணாடியை இறக்கிச் சூடு ஆறவிடுங்கள்.

தினமும் செட்டிங்ஸ் அழியுதா?

வெளியில் மாட்டிய ஸ்டீரியோ என்றால், வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமாக மஞ்சள் வயருக்கு எப்போதும் கரன்ட் வர வேண்டும். மெமரியைக் காப்பது அதுதான். சிவப்பு வயருக்குச் சாவி போட்டால் மட்டும் வர வேண்டும். ரெண்டும் இடம் மாறினால் கடிகாரம், ரேடியோ ஸ்டேஷன் எல்லாம் அழிந்துவிடும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கிரீன் அணைந்து எரிந்தால், பேட்டரி வீக்காக இருக்கலாம். இன்ஜின் ஆஃபில், நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஃபியூஸ் போயிருந்தால், அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். பெரிய ஃபியூஸ் போட்டால் வயர் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது.

ரிவர்ஸ் கேமரா தெரியலையா?

லென்ஸில் சேறு இருந்தால் துடையுங்கள். அப்போதும் தெரியாவிட்டால், மலையில் கேமராவை மறந்துவிடுங்கள். ஒருவரை இறங்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு ரிவர்ஸ் எடுங்கள்.

ஃபேக்டரி ரீசெட் கடைசியில்தான்

சேமித்த போன்கள், கான்டாக்ட்ஸ், செட்டிங்ஸ் எல்லாம் அழிந்துவிடும். அதற்கு முன் சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். கார் கம்பெனியின் தளத்தில் இருப்பதை மட்டும் போடுங்கள். தெரிந்தவர் அனுப்பிய ஃபைலைப் போட்டால் யூனிட்டே முடங்கிவிடலாம். வாரன்ட்டி இருந்தால் ஒரு வயரையும் வெட்டவிடாதீர்கள். நேராக சர்வீஸ் சென்டர்தான்.

சின்னசேலத்திலேயே இதை முடிச்சிடுங்க

மலைப்பாதையில் சிக்னல் சீராக இருக்காது. ஜி.பி.எஸ்-க்கு சிக்னல் தேவையில்லை, மேப்புக்குத்தான் தேவை. அதனால் மலைப் பகுதி முழுவதையும் கூகுள் மேப்ஸில் ஆஃப்லைனாக டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். டிராஃபிக் காட்டாதே தவிர, வழி காட்டும். பாட்டையும் டவுன்லோடு செய்துவிட்டால், ஸ்கிரீன் கைவிட்டாலும் டூர் கெடாது!